குழலைத் துடைப்பவர் யார்

ஜூன் 3

தையல்காரிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நான் கத்துகிறேன், நாலாவதில் நீ வைத்துவிடுகிறாய். முந்தாநாளும் அதுதான் நடந்தது. அதனால் இனி எழுதிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டேன். காகிதத்தில் கத்தினால் பக்கத்து அறைக்காரனுக்காவது கேட்காது.

நம் பட்டறையைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இந்தத் தொழிற்சாலையில் பதினெட்டு லேத், பதினெட்டும் கிழடு. எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்து மறுபடி பூட்ட ஆறு மாதம் என்று பேச்சு. அறை பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் தெரிகிறது. அலமாரிக் கதவு சாத்த மாட்டேன் என்று அடம் பிடிக்கிறது, காகிதம் மடித்துச் செருகி வைத்திருக்கிறேன்.

கூட வேலை செய்கிற ஃபிட்டரிடம் உன்னைப் பற்றிப் பெருமை அடித்தேன். என் மனைவி துப்பாக்கிப் போட்டியில் சுடுகிறவள், அதுவும் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைத் துணி வில்லையில் வைத்துக் கம்பியால் கெட்டித்துச் சுடுகிற பழைய மாதிரி ரைபிள் என்றேன். "இன்னுமா அதெல்லாம் இருக்கு?" என்று வாயைப் பிளந்தான். ஒவ்வொரு வேட்டுக்கும் குழலுக்குள் கரி படியும், துடைக்காவிட்டால் அடுத்த குண்டு இறங்காது, பதினோரு வருஷமாக அதைத் துடைக்கிற ஆள் நான்தான் என்றேன். அதற்கு அவன், "ஓ, நீங்க கிளீனரா?" என்கிறான். லாரி கிளீனரைச் சொல்கிற மாதிரி. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். உள்ளே சுருக்கென்றது.

ஏன் என்று உனக்குத் தெரியும். நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். உன் ரைபிளைத் தூக்கி, குழலை வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்கண்ணாடிக்குத் தூசி பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "என்ன சுத்தம்! யார் மேடம் துடைக்கிறது?" என்றார். நான் பக்கத்திலேயே மரம் மாதிரி நிற்கிறேன். நீ என்ன சொன்னாய்? "துடைக்கிறதுதானே சார், அது யார் வேணா துடைக்கலாம்."

சிரித்துக்கொண்டே வேறு சொன்னாய்.

இப்போது அவர்தான் துடைக்கிறாராம். அக்கா சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டாராம். நல்ல மனிதர்தான் போல.

பெட்டியில் கம்பி இருக்கிறது. அதன் முனையில் திருகி, துடைக்கிற துணியை மாட்டுகிற பித்தளை மொட்டும் இருக்கிறது. வில்லைத் துணி நீ வெட்டி வைத்ததே மூன்று டப்பா. யார் வேண்டுமானாலும் துடைக்கலாம் இல்லையா, துடைக்கட்டும்.

லேத்துக்காரன்


ஜூன் 14

லேத்துக்காரருக்கு,

கடிதம் வந்தது. கத்தாமலேயே காது வலிக்கிறது.

முதலில் உங்கள் அக்கா. மாடியில் குடியிருந்துகொண்டு என் வாசலை எண்ணுகிறார்கள். அவர்களுக்கு இரண்டு கண் போதவில்லை என்றால் கண்ணாடிக்காரரிடமே சொல்லி ஒரு ஜோடி வாங்கித் தருகிறேன். அன்றைக்கு மழை. ரைபிள் பெட்டியோடு பஸ்ஸில் ஏற முடியுமா? அவர் இறக்கிவிட்டார். வாசலோடு போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இதையும் உங்கள் அக்கா சொல்லியிருக்கலாம்.

அவரை நான் தேடிப் பிடிக்கவில்லை. கிளப் செயலாளர்தான், "உங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் இவரை வச்சுக்கோங்க, கண் ஆபரேஷனுக்கு அப்புறம் இவரால சுட முடியல, சும்மாதானே உட்கார்ந்திருக்கார்" என்று சேர்த்துவிட்டார். அம்பத்திரண்டு வயது. மூச்சுக்கு ஒரு மேடம். இரைந்து பேசினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்பது போலப் பேசுவார். இவரைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரிகிறது என்றால் உங்கள் வயிற்றைத்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

யார் வேண்டுமானாலும் துடைக்கலாம் என்று சொன்னேன், ஆமாம். வாய் தவறி வந்தது. அதை இத்தனை நாள் மடியில் கட்டிக்கொண்டு திரிவீர்கள் என்று நினைக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 9 தேர்வுப் போட்டி. அணிக்கு நாலு பேர். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நான் ஐந்தாவது. இரண்டு தடவையும் நீங்கள்தான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரைபிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட நடந்து வந்தீர்கள். இந்த வருஷம் விடக் கூடாது என்று நான் தைக்கிற நேரத்தைக்கூடக் குறைத்திருக்கிறேன், கல்யாண சீசனில்.

ஆனால் ஒன்று சரியில்லை. முதல் ஐந்து வேட்டு வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. ஆறாவது குண்டு இறுகுகிறது. எட்டாவதைத் தொங்கித் திணிக்க வேண்டியிருக்கிறது. நேற்று இரண்டு தடவை கேப்பு மட்டும் வெடித்தது, அதன் பொறி உள்ளே போய் மருந்து பற்றவே இல்லை. அரைமணி நேரத்தில் பதின்மூன்று வேட்டு போட்டாக வேண்டும், அதில் நல்ல பத்துக்குத்தான் மார்க். எனக்கு ஒன்பதுக்கே நேரம் போய்விடுகிறது.

என்னங்க, நீங்கள் என் இடது பக்கம் நின்றுகொண்டு என்னதான் செய்தீர்கள்? யோசித்துப் பார்த்தால் பதினோரு வருஷத்தில் நான் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. "உட்கார்ந்தாச்சு" என்று குண்டு இறங்கியதும் நீங்கள் சொல்வீர்கள், நான் கேப்பை வைத்துச் சுடுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 24

தையல்காரிக்கு,

ஆறாவது குண்டு இறுகுகிறது என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொல்லக் கூடாது, வந்தது. மெஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். பரிமாறுகிற அக்கா, "வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

சரி, எழுது என்றாய், எழுதுகிறேன்.

வில்லையை நனைக்காதே, ஈரப்படுத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இருக்கிறது. சொட்டினால் அடியில் இருக்கிற மருந்து நமுத்துப் போகும். காய்ந்திருந்தால் கரி அசையாது. நான் வில்லையை நாக்கில் வைத்து எடுப்பேனே, அது அழுக்குப் பழக்கம் என்று நீ முகம் சுளிப்பாய். அதுதான் அளவு. உன் கண்ணாடிக்காரர் நாக்கை நீட்டுவாரா, இல்லை அதற்கும் கைக்குட்டை வைத்திருக்கிறாரா?

மெஷின் ஆயிலைக் கிட்டவே சேர்க்காதே. கரிமருந்தோடு அது சேர்ந்தால் தார் ரோடு போட்ட மாதிரி ஆகிவிடும். சமையல் எண்ணெயில் தேன்மெழுகை உருக்கி வைத்தோமே, அந்த டப்பா சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. காற்று வறட்சியாக இருக்கும் நாளில் கரி சீக்கிரம் இறுகும், மழை நாளில் இளகியே இருக்கும். இரண்டுக்கும் வேறு வேறு கை வேண்டும். இதையெல்லாம் யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

இப்போது நான் சிலது கேட்கிறேன். பயிற்சி எத்தனை மணிக்கு முடிகிறது, நீ எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறாய்? அவருக்குச் சம்சாரம் இருக்கிறாரா? இருந்தால் சுடுதளத்துக்கு ஏன் வருவதில்லை? நீ வில்லை வெட்டித் தருகிறாயா, அவரே வெட்டிக்கொள்கிறாரா? மழை பெய்யாத நாளிலும் ஸ்கூட்டரா?

மனசில் ஒன்றும் இல்லை. தெரிந்துகொள்ளலாம் என்றுதான்.

லேத்துக்காரன்


ஜூலை 5

லேத்துக்காரருக்கு,

மனசில் ஒன்றும் இல்லாதவர் இத்தனை கேள்வி கேட்க மாட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள்.

ஐந்து மணிக்கு முடிகிறது, ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இருப்பேன். சம்சாரம் இறந்து நாலு வருஷம். இதைப் படித்ததும் உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். வில்லை நான்தான் வெட்டுகிறேன், கத்திரிக்கோல் என் தொழில். மழை பெய்யாத நாளில் பஸ். போதுமா? மெஸ் அக்காவோடு நீங்கள் சிரித்துப் பேசியதைப் பற்றி நான் ஒரு கேள்வி கேட்டேனா?

நீங்கள் சொன்னதெல்லாம் செய்து பார்த்தாயிற்று. நாக்கில் வைத்தே ஈரப்படுத்தினேன், நானே. தேன்மெழுகு போட்டேன். துணியை மாற்றினேன், மெத்தை உறைத் துணி, சட்டைத் துணி, பழைய வேட்டி. கண்ணாடிக்காரர் ஒரு நோட்டில் எல்லாம் குறித்து வைக்கிறார், எந்த வேட்டில் எந்தத் துணி, காற்றில் எவ்வளவு ஈரம் என்று. பாவம், அவரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார். எதிலும் நிற்கவில்லை. கரி வெளியே வருவதற்குப் பதில் உள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. பொறி போகிற துளைவரைக்கும் அடைத்துக்கொள்கிறது. நேற்று பதின்மூன்றில் நாலு பற்றவில்லை.

ஒரு சந்தேகம். மொட்டில் வில்லையை வைத்துத் தள்ளும்போது குழலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே போகிறது. நீங்கள் துடைக்கும்போதும் இப்படித்தானா? உங்கள் கை அவ்வளவு லேசாகப் போய் வந்த மாதிரி எனக்கு ஞாபகம். ஆனால் நான்தான் பார்த்ததே இல்லையே.

மார்க் அறுபத்தெட்டு, எழுபத்தொன்று, அறுபத்திநாலு. போன வருஷம் இதே நேரம் எண்பத்தெட்டு. நேற்று இலக்கு அட்டையைக் கழற்றிக்கொண்டு வரும்போது, ஒருவேளை துப்பாக்கி இல்லை, என் கைதான் போய்விட்டதோ என்று நினைத்தேன். தையல் மெஷினில் உட்கார்ந்தால்கூட விரலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பேர் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒரு யோசனை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

வீட்டுக்காரி


ஜூலை 13

தையல்காரிக்கு,

உன் மனக்கஷ்டம் புரிகிறது. எல்லா மொட்டும் அப்படித்தான் இறுக்கிப் பிடிக்கும், அதில் ஒன்றும் இல்லை.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். விலகிவிடுவதே நல்லது. ஒரு வருஷம் போனால் என்ன? நான் டிசம்பரில் வந்துவிடுவேன். அடுத்த வருஷம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து நிற்கலாம், பழைய மாதிரி. இருக்க வேண்டிய ஆள் இருந்தால்தான் நடக்கிற வேலை இது என்று இப்போது உனக்கே தெரிந்திருக்கும்.

கண்ணாடிக்காரரிடம் நன்றி சொல்லிவிடு. நோட்டை மூடிவிட்டுக் கடையைப் பார்க்கச் சொல். சம்சாரம் போன மனிதர் ஆறுதலுக்கு ஏதாவது தேடுவார், தப்பில்லை. வேறு இடத்தில் தேடட்டும்.

இங்கே ஏழாவது லேத்தைப் பூட்டி முடித்துவிட்டோம். சத்தமே இல்லாமல் சுற்றுகிறது.

லேத்துக்காரன்


ஜூலை 23

என்னங்க,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

விலகச் சொல்லி நீங்கள் எழுதியது செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். சரி, விலகிவிடலாம், அதற்கு முன்னால் சனிக்கிழமை ஒரே ஒரு பயிற்சி போட்டுப் பார்த்துவிடலாம் என்று போனேன்.

ஏழாவது வேட்டு முடிந்து துடைத்தோம். கண்ணாடிக்காரரைச் செயலாளர் கூப்பிட்டார், மார்க் அட்டையில் கையெழுத்து வேண்டும் என்று. அவர் மூன்று மேஜை தள்ளிப் போனார். நான் காத்திருக்கவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மருந்தை ஊற்றி, குண்டை வைத்து, கம்பியால் திணித்தேன். இறங்கி, இறங்கி, நின்றது. நல்ல கெட்டியாக நின்றது. உட்கார்ந்துவிட்டது என்று நினைத்து, கம்பியை உருவி வைத்துவிட்டு, கேப்பை மாட்டி, தோளில் ஏற்றி, சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டேன்.

கம்பியில் நீங்கள் ஒரு கோடு போட்டிருக்கிறீர்களே, குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்தால் குழல்வாயோடு சமமாக நிற்கிற கோடு. அதை நான் பார்க்கவில்லை. எப்போதும் அதைப் பார்ப்பது நீங்கள்தானே. நான் பார்த்துப் பழகவே இல்லை. கண்ணாடிக்காரர் அங்கிருந்து பார்த்திருக்கிறார். ஒரு கண் சரியில்லாத மனிதர். கோடு வாய்க்கு மேலே நாலு விரல் நின்றது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"மேடம்! சுடாதீங்க! கேப்பை எடுங்க, கேப்பை எடுங்க!"

அந்த மனிதருக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சுடுதளமே நின்றுவிட்டது. என் விரல் விசையில் இருந்தது. எடுத்துவிட்டேன். துப்பாக்கியை மேஜை மேல் இறக்கி, கேப்பைக் கழற்றினேன்.

சுடுதள அதிகாரி குழலில் தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்து, திருகாணி விட்டுக் குண்டை வெளியே இழுத்தார். அதன் பின்னாலேயே கரி வந்தது, கட்டைவிரல் நகம் அளவுக்குப் பாளம் பாளமாக. மருந்துக்கு மேலே வளையமாக இறுகி, குண்டை இறங்கவிடாமல் பிடித்திருந்ததாம். "குண்டுக்கும் மருந்துக்கும் நடுவுல இவ்வளவு இடைவெளி விட்டுச் சுட்டா குழல் கிழிஞ்சிடும்மா. உங்க கன்னம் இருக்கிற இடத்துலதான் கிழியும்" என்றார். அப்புறம் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மெஷினைத் துடைத்து வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை, அழுக்கே இல்லை. உங்கள் அக்கா இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் காபி போட்டுக் கொடுத்தார்கள். அவர்களைப் பற்றி எழுதினதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பேரை வாபஸ் வாங்குவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.


ஜூலை 28

அம்மாடி,

உன் கடிதம் நேற்று வந்தது. ஏழு தடவை போன் பண்ணினேன். நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதுதான். வாயால் சொன்னால் பாதியை மாற்றிச் சொல்லிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் பதிவுத் தபாலில் வருகிறது. உள்ளே இருப்பதுதான் உன் மொட்டு. உன் பெட்டியில் இருப்பது இல்லை. அது ஆரம்பத்தில் நான் கடைந்த முதல் மொட்டு, தடிமனானது, குழலை நிறைத்துக்கொண்டு போகும். போகும்போது கரியை எல்லாம் வழித்துக்கொண்டுபோய் அடியில் கொட்டும். உனக்கு நடந்தது அத்தனையும் அதனால்தான். அது உதவாது என்று தெரிந்து, பத்து வருஷம் முன்னால் ஒல்லியாக இன்னொன்று கடைந்தேன். ஒல்லி மொட்டு உள்ளே போகும்போது ஈர வில்லை கரியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். திரும்ப இழுக்கும்போதுதான் துணி சுருங்கித் தடித்து, கரியை எல்லாம் வாரிக்கொண்டு வெளியே வரும். அவ்வளவுதான் ரகசியம். வேறு எந்தக் கைத்திறமையும் இல்லை. ஈரம், காற்று, அளவு என்று நான் எழுதினது பொய் இல்லை, ஆனால் இது இல்லாமல் அதில் எதுவும் உதவாது.

கிளம்புகிற அன்று காலையில் நான்தான் மாற்றி வைத்தேன். நீ குளித்துக்கொண்டிருந்தாய். ஒல்லியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யார் வேண்டுமானாலும் துடைக்கலாம் என்றாயே, பார்க்கலாம் யார் துடைக்கிறார்கள் என்று. ரயில் ஏறும்வரைக்கும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். உன் மார்க் குறையட்டும், அந்த மனிதர் திணறட்டும், "அவர் இருந்தா இப்படி ஆகுமா" என்று நீ ஒரு வார்த்தை எழுத மாட்டாயா என்று ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்தேன். மொட்டு இறுக்குகிறதே என்று நீயே கேட்டபோதும், எல்லா மொட்டும் அப்படித்தான் என்று எழுதினேன். கை கூசவில்லை. பொறாமை என்றால் எப்படி இருக்கும் என்று இதற்குமுன் எனக்குத் தெரியாது. ஏதோ கோபம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது சந்தோஷம் மாதிரியே இருந்தது.

குண்டு இறங்காது, மருந்து பற்றாது, மார்க் போகும். இவ்வளவுதான் நினைத்தேன். பாதியில் நிற்கும் என்று நினைக்கவில்லை. கோட்டை நீ பார்க்க மாட்டாய் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உன்னைப் பார்க்கவிடாமல் பதினோரு வருஷம் நானேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் எனக்கு ஒரு பெருமை.

நேற்று ஒன்பதாவது லேத்தில் கை வைத்தேன், முடியவில்லை. பாதியில் விட்டுவிட்டு அறைக்கு வந்துவிட்டேன். உன் கன்னம் என் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அந்த மனிதரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். என்னைத் திட்டு. தயவுசெய்து எழுது.

உன் வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 12

என்னங்க,

பொட்டலம் இரண்டாம் தேதி வந்தது. கடிதமும் வந்தது.

எனக்கு அதற்கு முன்னாலேயே தெரியும்.

போன கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாள், பெட்டியிலிருந்த மொட்டை எடுத்துக்கொண்டு நம் லேத் பட்டறைக்குப் போனேன். உங்கள் கூட்டாளியிடம் காட்டி, இதைக் கொஞ்சம் ஒல்லியாக்கினால் உரசாமல் போகுமா என்று கேட்டேன். துணி ஊசிக்குள் நுழையாவிட்டால் ஊசியை மாற்றுவேனே, அந்த யோசனைதான். அவர் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, இது பழசாச்சே. அண்ணன் ஒல்லியா ஒண்ணு கடைஞ்சாரே, நான்தானே பக்கத்துல நின்னு அளவு பார்த்தேன். அது எங்க?" என்றார்.

தொலைந்துவிட்டது என்றேன். உங்களுக்காக நான் சொன்ன பொய். திரும்பி நடந்து வரும்போது அதற்காகவும் உங்கள் மேல் கோபம் வந்தது.

ஏழு தடவை போன் அடித்தது. வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. நீங்களாகச் சொல்கிறீர்களா, இல்லை இன்னொரு தடவை ஈரம், காற்று என்று எழுதுகிறீர்களா என்று பார்த்தேன். சொல்லிவிட்டீர்கள். ஒன்றையும் குறைக்காமல் சொல்லிவிட்டீர்கள். அது ஒன்றுதான் இப்போது உங்களுக்காகப் பேசுகிறது. அதுவும் இல்லாவிட்டால் இந்தக் கடிதம் இருந்திருக்காது.

என் மேல் கோபம் என்றால் கத்தியிருக்கலாம். தட்டை எறிந்திருக்கலாம். கண்ணாடிக்காரரைத் தெருவில் நிறுத்திச் சண்டை போட்டிருக்கலாம், நான் நடுவில் நின்று சிரித்திருப்பேன். வைக்கோல் போரில் படுத்த நாய் மாதிரி, நீங்களும் துடைக்காமல் துடைக்கிறவரையும் துடைக்கவிடாமல் பண்ணிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதுவும் என் முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிற ஒரு பொருளில். என் கைதான் போய்விட்டது என்று நான் எழுதினேனே, அதைப் படித்துவிட்டும் சும்மா இருந்தீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. குழல் கிழிந்திருந்தால்கூட விபத்து என்று நினைத்திருப்பேன்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். எழுத மாட்டேன்.

யார் வேண்டுமானாலும் துடைக்கலாம் என்று அன்றைக்கு நான் சொன்னது தப்புதான். உங்கள் முன்னால், இன்னொருவரிடம், சிரித்துக்கொண்டு சொன்னேன். பதினோரு வருஷத்தில் ஒருதரமாவது திரும்பிப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன். இதையும் அதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

பேரை வாபஸ் வாங்கவில்லை. கூட்டாளி அதே அளவில் புதிதாகக் கடைந்து கொடுத்த மொட்டை வைத்து, கண்ணாடிக்காரரைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, நானே துடைத்துப் பழகினேன். உள்ளே போகும்போது ஒரே தள்ளு, வெளியே வரும்போது ஒரே இழு, வில்லையைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை. கம்பியில் கோடு. கோட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன், "உட்கார்ந்தாச்சு" என்று. முதலில் என் குரலே எனக்கு விநோதமாக இருந்தது. யாரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ள முடியாது என்று எழுதியிருந்தீர்கள். ஒன்பது நாள் ஆயிற்று.

சனிக்கிழமை போட்டி. பதின்மூன்று வேட்டும் இருபத்தாறு நிமிஷத்தில் முடிந்தது. பதின்மூன்றும் பற்றியது. பத்துக்குத் தொண்ணூற்றொன்று. மூன்றாம் இடம். அணியில் இருக்கிறேன். பேர் படித்தபோது நான் முதலில் இடது பக்கம்தான் திரும்பினேன், பழக்க தோஷம். அங்கே யாரும் இல்லை. அப்புறம் நேராகப் பார்த்து நின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

இனிமேல் என் குழலை நான்தான் துடைப்பேன். இதில் பேச்சே இல்லை. நீங்கள் அழுதாலும் இல்லை, கடைந்து கடைந்து அனுப்பினாலும் இல்லை.

மற்றபடி உங்கள் வீடு உங்கள் வீடு. டிசம்பரில் வாருங்கள். பேச வேண்டியதை நேரில் பேசுவோம், இரண்டு பேரும் கத்துவோம், உங்கள் அக்கா மேலேயிருந்து கேட்டுக்கொள்ளட்டும். ஜனவரியில் அணிப் போட்டி. ஆளுக்கு இரண்டு பேரைக் கூட்டிவரலாமாம், பார்வையாளர் வரிசையில். இரண்டு பேரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு மூன்றாம் வரிசையில் ஓரத்து நாற்காலி. கண்ணாடிக்காரருக்கு அதற்கு அடுத்தது.

வீட்டுக்காரி